குதிரைக்கு எந்தக் கிளிப்பர் வாங்குவது, வாங்கியதை எப்படிப் பேணுவது?

கேள்வி இதுதான்: இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறீர்கள். நாய்க்கு முடி வெட்டும் கிளிப்பரைக் கொண்டு குதிரைக்கும் வெட்டிப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரத்திலேயே கிளிப்பரின் தலைப்பகுதி கை வைக்க முடியாத அளவு சூடாகிறது, முடியில் கோடு கோடாகத் தடம் விழுகிறது, குதிரையும் ஒதுங்கிக்கொண்டே போகிறது. பெரிய கிளிப்பர் வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா, எதை வாங்குவது, வாங்கியது பல வருடம் உழைக்க என்ன செய்ய வேண்டும்?

பாதிதான் சரியாகும். மீதிப் பாதி பிளேடிலும் எண்ணெயிலும் குதிரையின் முடி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. முடியை வெட்டுவது பிளேடு. மோட்டார் அதை ஆட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கப் போனால் பணமும் மிச்சம், குதிரைக்கும் நிம்மதி.

கிளிப்பரின் தலையில் இரண்டு பிளேடுகள் உண்டு. கீழே, குதிரையின் தோலை ஒட்டி இருப்பது அசையாது. அதன் பற்கள் சீப்பு மாதிரி முடியைப் பிரித்து நிமிர்த்தி நிறுத்தும். மேலே இருக்கும் சிறிய பிளேடு இடமும் வலமுமாக ஓடும். கீழ்ப் பல்லும் மேல் பல்லும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் முடி துண்டாகிறது. இரண்டு பிளேடுகளும் இடைவெளி இல்லாமல் படிந்திருந்தால்தான் இது நடக்கும். நடுவில் ஒரே ஒரு முடி மடிந்து சிக்கினாலும் மேல் பிளேடு மயிரிழை தூக்கிக்கொள்ளும். அடுத்து வரும் முடி வெட்டுப்படாமல் அதுவும் மடிந்து உள்ளே போகும். அதற்கடுத்ததும் அப்படியே. சில நொடிகளில் கிளிப்பர் வெட்டுவதை விட்டுவிட்டு முடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடும். உங்கள் குதிரை ஒதுங்கிப் போவதற்குப் பெரும்பாலும் இந்த இழுப்பும் சூடும்தான் காரணமாக இருக்கும். அதைக் கெட்ட குணம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போது வாங்கும் கதைக்கு வருவோம். கிளிப்பர்களை மூன்று அளவாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது டிரிம்மர். உள்ளங்கையில் அடங்கிவிடும், சத்தம் குறைவு. முகம், காதின் விளிம்பு, கடிவாளப் பட்டை உட்காரும் இடத்தில் பிடரி, கணுக்கால் முடி, காயத்தைச் சுற்றி மருந்து போட இடம் ஒதுக்குவது ஆகிய வேலைகளுக்கு நல்லது. இதை வைத்து உடம்பு முழுவதும் வெட்ட நினைக்கவே வேண்டாம்.

இரண்டாவது நடுத்தர அளவு. நாய் அலங்காரம் செய்பவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் இதுதான். பிளேடு ‘டக்’ என்று மாட்டிக் கழற்றும் வகை, அகலம் சுமார் ஐந்து சென்டிமீட்டர். இந்தப் பிளேடு முறைக்கு ‘ஏ5’ என்று பெயர். பல நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்வதால் பிளேடு கிடைப்பதில் சிரமம் இருக்காது. மென்மையான முடியுள்ள குதிரை, உடம்பில் ஒரு பகுதியை மட்டும் வெட்டுவது, பயந்த சுபாவமுள்ள குதிரை என்றால் இதுவே போதும்.

மூன்றாவது பெரிய கிளிப்பர். பிளேடு சுமார் ஏழரை சென்டிமீட்டர் அகலம், இரண்டு திருகுகளில் மாட்டும் வகை, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கத் தலையில் ஒரு குமிழ் இருக்கும். எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல். குளிர்காலத்துக்காக அடர்த்தியாக முடி வளர்த்திருக்கும் குதிரையை முழுவதுமாக வெட்டுவதற்கென்றே செய்தது. குஷிங் நோய் என்று சொல்லப்படும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு வந்த வயதான குதிரைகளுக்கு நீண்ட சுருள் முடி கோடையிலும் உதிராமல் நிற்கும். அந்த மாதிரி முடிக்கு நடுத்தரக் கிளிப்பர் திணறிப் போகும், பெரியதுதான் தாங்கும்.

மனிதர்களுக்கு முடி வெட்டும் கிளிப்பர் வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் லியோ வால் 1919-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மின்காந்தக் கிளிப்பரின் வழிவந்தவை அவற்றில் பல. மின்காந்தம் உள்ளிருக்கும் ஒரு சிறு உலோகத் தண்டை அதிரவைக்க, அந்த அதிர்விலேயே பிளேடு ஓடும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 7,200 முறை அசையும். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் அந்த அசைவில் வேகம் உண்டு, உந்து பலம் இல்லை. அடர்ந்த முடிக்குள் நுழைந்ததும் பிளேடு பாதி தூரம்கூட ஓடாது. குதிரைக்கான பெரிய கிளிப்பர்கள் நிமிடத்துக்கு 2,500 முறை அளவில்தான் ஓடும், இருந்தும் முடியை அறுத்துக்கொண்டு போகும். அதனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் வேக எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வேகம் கூடினால் வெட்டு கொஞ்சம் வழவழப்பாக வரும் என்பது உண்மை, சூடும் கூடவே வரும்.

கடையில் கிளிப்பரைக் கையில் எடுத்ததும் மேசையிலேயே வைத்துப் பார்க்காமல் கையை முன்னால் நீட்டி, குதிரையின் முதுகுக்கு மேலே பிடிப்பது போலப் பிடியுங்கள். பிறகு வயிற்றுக்கு அடியில் பிடிப்பது போலக் குனிந்து பிடியுங்கள். இரண்டு நிலையிலும் சில நிமிடம் அப்படியே இருங்கள். எடை தலைப்பக்கம் சாய்கிறதா, பிடியின் சுற்றளவு உங்கள் விரல்களுக்கு அடங்குகிறதா, சுவிட்ச் தவறுதலாகக் கைபட்டு அணைந்துவிடுமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முழு உடம்பு வெட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கை சோர்ந்தால் பிளேடு சாயும், சாய்ந்தால் தடம் விழும், தோலும் கீறும். சிறிய கை உள்ளவர்கள் சக்தி கொஞ்சம் குறைந்தாலும் கைக்கு அடக்கமான கிளிப்பரை வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் சத்தம். அதை ஓடவிட்டுக் கேளுங்கள். உரத்த சத்தத்தைவிட மாறி மாறி வரும் சத்தமும் அதிர்வும்தான் குதிரையை அதிகம் மிரட்டும். சீராக ஒரே சுருதியில் ஓடும் கிளிப்பருக்குக் குதிரை சீக்கிரம் பழகிவிடும்.

வயரா, பேட்டரியா? உங்களுக்கு இரண்டு குதிரைகள்தான், லாயத்தில் மின்சாரம் இருக்கிறது என்றால் வயர் உள்ளதே நல்லது. விலைக்கு ஏற்ற சக்தி அதில்தான் அதிகம் கிடைக்கும், சார்ஜ் பற்றிய கவலையும் இல்லை. வயரைக் கண்டு மிரளும் குதிரை, மின்சாரம் இல்லாத இடம் என்றால் பேட்டரி. பேட்டரியிலும் கைப்பிடிக்குள் இருப்பது, இடுப்பில் பெல்ட்டாகக் கட்டிக்கொள்வது என்று இரண்டு வகை உண்டு. எடையைக் கையிலிருந்து இறக்கிவிடுவது புதிய யோசனை இல்லை. மின்சாரம் பரவாத காலத்தில் ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற, வளையும் தண்டு வழியாக அந்தச் சுழற்சி கிளிப்பர் தலைக்கு வந்து சேரும். 1890-களில் சிகாகோவில் அப்படிக் குதிரைக் கிளிப்பர் செய்து விற்ற நிறுவனம்தான் பின்னாளில் சன்பீம் என்ற பெயரில் வீட்டுச் சாதனங்களுக்குப் பேர் வாங்கியது.

பேட்டரி வகை வாங்குவதானால் கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து, கூடுதலாக ஒரு பேட்டரியும் சேர்த்து வாங்குங்கள். பாதி வெட்டிய குதிரையோடு சார்ஜ் ஏறக் காத்து நிற்பது இருவருக்கும் கொடுமை. லித்தியம் அயான் பேட்டரி கடைசி வரை ஏறக்குறைய ஒரே பலத்தோடு ஓடி, தீரும்போது சட்டென்று நின்றுவிடும். மாதக்கணக்கில் எடுத்து வைக்கும்போது அதை முழுக்கத் தீர்ந்த நிலையிலோ, நிறைய சார்ஜ் ஏற்றியோ வைக்காமல் பாதி அளவில் வைத்தால் ஆயுள் கூடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு கடைசியாக ஒன்று கேளுங்கள்: இந்தக் கிளிப்பரின் பிளேடு எளிதாகக் கிடைக்குமா, அதைச் சாணை பிடிக்க ஆள் உண்டா, உதிரி பாகம் வருமா? இந்த மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வராவிட்டால் எவ்வளவு நல்ல கிளிப்பராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் வாங்குவதில் மிக முக்கியமான கேள்வி இதுதான். பிளேடு மழுங்கியே தீரும். அப்போது கை கொடுக்க ஆள் இல்லையென்றால் கிளிப்பர் அலமாரியில்தான் இருக்கும்.

பிளேடு எண்கள் பலரைக் குழப்பும். ஏ5 முறையில் எண் கூடக் கூட வெட்டு ஒட்ட வரும். 10-ஆம் எண் பிளேடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும், 30-ஆம் எண் அரை மில்லிமீட்டர், 40-ஆம் எண் கால் மில்லிமீட்டர். 40 என்பது அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் பயன்படுத்துவது. அழகாக வழவழவென்று வருமே என்று நினைத்து அதை உடம்பில் ஓட்டினால் தோல் வெளியே தெரியும், வெயிலும் ஈயும் படுத்தி எடுக்கும். உடம்புக்கு 10-ஆம் எண் நல்லது. உங்கள் நாய்க் கிளிப்பர் ஏ5 வகை என்றால் ‘டி-84’ என்ற அகலப் பிளேடு அதில் மாட்டும். சுமார் 2.4 மில்லிமீட்டர் முடியை விடும். அகலமாக இருப்பதால் ஒரே இடத்தைக் குறைந்த தடவையில் முடித்துவிடலாம், தடமும் குறையும். புதிய கிளிப்பருக்குச் செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு பிளேடை வாங்கி ஓட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர வாய்ப்பு இருக்கிறது.

பெரிய கிளிப்பர் பிளேடுகளில் எண்களுக்குப் பதிலாக மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று பிரிப்பார்கள். சில நிறுவனங்கள் ‘31/15’ என்று பல் எண்ணிக்கையையே பெயராக வைத்திருக்கும்: கீழ்ப் பிளேடில் 31 பல், மேல் பிளேடில் 15. பல் கூடினால் வெட்டு நேர்த்தியாக வரும், ஆனால் அழுக்கு முடிக்குள் சீக்கிரம் திணறும். குதிரைக்கு நடுத்தர வகையில் தொடங்குங்கள். சேற்றில் புரளும், அடர்முடிக் குதிரைக்குத் தடித்தது. ஆட்டுக்கு உள்ள பிளேடுகள் வேறு. ஆட்டின் கம்பளியை வெட்டும் தலையில் பற்கள் அகலமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும், குதிரையின் மெல்லிய தோல் அதற்குள் மாட்டிக் கிழிந்துவிடும். அதைக் குதிரைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

இப்போது பராமரிப்பு. இது கிளிப்பரைத் தொடுவதற்கு முன்பே, குதிரையிடம் தொடங்குகிறது. முடியின் அடியில் இருக்கும் மண்தூளில் மணல் துகள் இருக்கும். மணல் இரும்பைத் தேய்க்கும். அழுக்குக் குதிரையில் ஓட்டிய புத்தம் புதிய பிளேடு அந்த ஒரு வேலையிலேயே மழுங்கிப் போவதைப் பார்க்கலாம். முடிந்தால் முதல் நாளே ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, நன்றாக அலசி, முழுக்கக் காயவிடுங்கள். குளிப்பாட்ட முடியாத குளிரில் வட்டச் சீப்பால் கிளறி, கடினமான தூரிகையால் தூசியை வெளியேற்றுங்கள். வெள்ளைத் துணியால் முடியை எதிர்ப்பக்கமாகத் தேய்த்துப் பாருங்கள், துணி சாம்பல் நிறமானால் இன்னும் அழுக்கு இருக்கிறது. ஈர முடியை வெட்டவே கூடாது. அது பிளேடில் ஒட்டிக்கொள்ளும், நடுவில் மடியும், துருவும் பிடிக்கும். வியர்த்த குதிரைக்கும் இதேதான்.

அடுத்தது இறுக்கம். கிளிப்பர்கள் பல வீணாவது இந்தக் குமிழை அளவுக்கு மேல் இறுக்குவதால்தான். பிளேடுகளை மாட்டி, பற்களின் மேலும் இரண்டு பிளேடுக்கும் நடுவிலும் எண்ணெய் விட்டு, குமிழைக் கை விரலால் திருகுங்கள். ஓர் இடத்தில் தடை தெரியும். அங்கிருந்து ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று பின்னால் விடுங்கள். மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும், கூட வரும் கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை. பிறகு கிளிப்பரை ஓடவிட்டு வெட்டத் தொடங்குங்கள். வெட்டுகிறதா, அதோடு விட்டுவிடுங்கள். வெட்டக்கூடிய அளவுக்கு எவ்வளவு தளர்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெட்டவில்லை என்றால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் இறுக்காதீர்கள்.

வேலை நடுவில் வெட்டு குறையும்போது எல்லாருக்கும் கை தானாகக் குமிழுக்குப் போகும். இறுக்கினதும் கொஞ்ச நேரம் நன்றாகவும் வெட்டும். ஆனால் நடந்திருப்பது என்ன? பிளேடுக்கு நடுவே சிக்கின முடியை அப்படியே அழுத்தி வைத்துவிட்டோம். உராய்வு கூடுகிறது, சூடு ஏறுகிறது, விளிம்பு தேய்கிறது, மோட்டார் மூச்சு வாங்குகிறது. காது கொடுத்துக் கேட்டால் அதுவே சொல்லும்: தளர்ந்திருந்தால் கடகடவென்ற சத்தம், இறுக்கம் கூடினால் சுருதி இறங்கி ஒரு முனகல். வெட்டு குறைந்தால் முதலில் நிறுத்துங்கள், தூரிகையால் பல்லைத் துடையுங்கள், எண்ணெய் விடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் பிளேடுகளைக் கழற்றி நடுவில் உள்ளதைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து இறுக்கத்தை வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வெட்டாவிட்டால் பிளேடு மழுங்கிவிட்டது. இறுக்கி அதைக் கூர்மையாக்க முடியாது.

டக்கென்று மாட்டும் ஏ5 பிளேடில் இந்தக் குமிழ் இல்லை. இறுக்கம் பிளேடின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் இருக்கிறது, சாணை பிடிப்பவர் அதைச் சரி பார்த்துக் கொடுப்பார். ஆனால் அந்தக் கிளிப்பர்களில் வேறொரு பாகம் தேயும். பிளேடைத் தள்ளும் சிறிய பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று தலைக்குள் இருக்கும். அதன் முனை தேய்ந்தால் மேல் பிளேடு முழு தூரம் ஓடாது. பிளேடு புதிதாக இருந்தும் கோடு கோடாக முடி நிற்கிறது, சத்தமும் கூடியிருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். உங்கள் கிளிப்பரிலும் முதலில் இதைக் கழற்றிப் பாருங்கள். சின்னச் செலவு, இரண்டு திருகு வேலை.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓடும்போது ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விட வேண்டும். பற்களின் மேல் குறுக்காக, மேல் பிளேடு உட்கார்ந்து ஓடும் இரண்டு பக்கத் தடத்திலும், தலையில் எண்ணெய்த் துளை இருந்தால் அதிலும் சில சொட்டு. பிறகு சில நொடி ஓடவிட்டு, வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோலில் பட்டு அரிக்கும். கிளிப்பருக்கென்று விற்கும் மெல்லிய கனிம எண்ணெயே வேண்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிப் பிளேடை ஒட்டவைத்துவிடும். வண்டி எஞ்சின் ஆயில் கெட்டியானது, முடித்தூளோடு சேர்ந்து களிம்பாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரே எண்ணெயின் வேலையைச் செய்யாது, இருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். குளிரூட்டும் ஸ்பிரே அடித்தாலும் பிறகு எண்ணெய் விட்டாக வேண்டும். அந்த ஸ்பிரேக்கள் பல தீப்பற்றும் வகை, கிளிப்பர் ஓடும்போது அடிக்காதீர்கள்.

சூட்டைப் பார்க்க உள்ளங்கை போதாது. வேலை செய்து தடித்த கைக்கு உறைக்காது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் பிளேடின் அடிப்பாகத்தை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுடுகிறது என்றால் குதிரைக்கும் சுடும். சூடு பிளேடிலா, கைப்பிடியிலா என்பதையும் கவனியுங்கள். பிளேடு மட்டும் சுட்டால் எண்ணெய் குறைவு, அல்லது இறுக்கம் அதிகம். கைப்பிடியே சுட்டால் மோட்டாருக்குக் காற்று போகவில்லை என்று அர்த்தம். காற்றுத் துவாரத்தில் இருக்கும் சல்லடையில் முடித்தூள் படலமாக அடைத்திருக்கும். அதைக் கழற்றித் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். வேலை நடுவிலும் ஒன்றிரண்டு முறை செய்யலாம். சல்லடை இல்லாமல் மட்டும் ஓட்ட வேண்டாம், முடி நேராக மோட்டாருக்குள் போய்விடும்.

வெட்டும் விதமும் பிளேடின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. முடி வளரும் திசைக்கு எதிராக, பிளேடைத் தோலில் படுக்கையாக வைத்து, நீளமாக, ஒரு கோட்டின் மேல் அடுத்த கோடு கொஞ்சம் ஏறும்படி ஓட்டுங்கள். கையால் அழுத்தாதீர்கள், கிளிப்பரின் எடையே போதும். தோள்பட்டையில் தொடங்குவது நல்லது, அங்கே தசை தட்டையாக இருக்கும், குதிரைக்கும் அவ்வளவு கூச்சம் இருக்காது. முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்திலும் பின்தொடை மடிப்பிலும் தோல் தளர்ந்து மடியும். அங்கே உதவிக்கு ஒருவர் முன்னங்காலை மெதுவாக முன்னால் இழுத்துப் பிடிக்க, உங்கள் இடது கையால் தோலை விரித்து இழுத்துக்கொண்டு வெட்டுங்கள். பல்லுக்குள் மடிப்பு நுழைந்தால் வெட்டுப்படுவது தோல்தான். தலை, வயிறு போன்ற கூச்சமான இடங்களைக் கடைசிக்கு வைக்கத் தோன்றும். அதற்குள் பிளேடு சூடாகியிருக்கும், நின்று நின்று குதிரையும் பொறுமை இழந்திருக்கும். அதனால் ஆறவிட்டு, அல்லது வேறு பிளேடு மாற்றிக்கொண்டு போங்கள்.

மூக்கையும் வாயையும் சுற்றியுள்ள நீண்ட உணர்முடிகளைத் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் குதிரை அவற்றால்தான் தடவித் தெரிந்துகொள்கிறது. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பும் 2021 ஜூலை 1 முதல் அவற்றை வெட்டிய குதிரைகளைத் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. மருத்துவர் சிகிச்சைக்காக எடுத்திருந்தால் மட்டும் விலக்கு. காதுக்குள் இருக்கும் முடியும் பூச்சியையும் தூசியையும் தடுக்கத்தான் இருக்கிறது. காதின் இரண்டு விளிம்பையும் சேர்த்து மடித்துப் பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எடுத்தால் போதும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயர் உள்ள கிளிப்பரை மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் வழியாக மட்டும் இணையுங்கள். தரை காய்ந்திருக்க வேண்டும், உங்கள் செருப்பு ரப்பர் அடியோடு இருக்க வேண்டும், வயர் குதிரையின் குளம்புக்கு எட்டாமல் மேலே போக வேண்டும். இரும்பு லாடம் அடித்த குதிரைக்கு மின்கசிவு நம்மைவிடப் பல மடங்கு ஆபத்து. கொஞ்சமும் நிற்காத குதிரைக்கு மயக்க மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மயக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் குதிரையும் திடீரென்று உதைக்கும், அசந்துவிடாதீர்கள்.

வேலை முடிந்த அன்றைக்கே, கை வலித்தாலும், பிளேடைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். பல்லிடுக்கில் உள்ள முடியைத் தூரிகையால் எடுத்து, பிளேடு கழுவும் திரவத்தில் முக்கித் துடைத்து, ஈரம் இல்லாமல் காயவைத்து, எண்ணெய் பூசி, எண்ணெய்த் தாளில் சுற்றி வையுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம். குதிரையின் வியர்வையில் உப்பு இருக்கிறது, ஒரே ராத்திரியில் விளிம்பில் துரு பூத்துவிடும். கிளிப்பரின் தலைக்குள்ளும் தூரிகை விட்டுத் துடையுங்கள். வயரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

ஒரு குதிரையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கிருமி நீக்கத்தை மறக்க வேண்டாம். வட்ட வட்டமாக முடி உதிரும் படர்தாமரை பிளேடு வழியாக மிக எளிதாகப் பரவும், மனிதருக்கும் தொற்றும். அதன் நுண்வித்துகள் முடித்துண்டுகளில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதலில் முடியை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டுப் பிறகு கிருமிநாசினி, அப்புறம் எண்ணெய். முடியோடு சேர்த்துக் கிருமிநாசினி அடிப்பதில் பயனில்லை. தோலில் சந்தேகமான திட்டு இருந்தால் அந்தக் குதிரையை வெட்டாமல் தள்ளிப்போடுங்கள்.

சாணையைப் பொறுத்தவரை வீட்டில் முயற்சி வேண்டாம். பிளேடின் முகம் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் மிகச் சிறிய குழிவோடு கடைந்திருப்பார்கள். விளிம்புகள் இரண்டும் சரியாகத் தொடுவதற்கு அந்தக் குழிவுதான் காரணம். சாதாரணக் கல்லில் தேய்த்தால் அது போய்விடும். மேல், கீழ் இரண்டையும் ஜோடியாகவே கொடுங்கள், ஜோடியாகவே திரும்ப வாங்குங்கள். ஒரு ஜோடியின் மேல் பிளேடை இன்னொன்றின் கீழ்ப் பிளேடோடு சேர்த்தால் இரண்டுமே கெடும். கழற்றியதும் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனித் தாளில் சுற்றி, தேதியும் எந்தக் குதிரைக்கு ஓட்டியது என்பதும் எழுதி வைத்தால் குழப்பமே வராது. சுத்தமான குதிரை என்றால் ஒரு ஜோடி இரண்டு மூன்று முழு உடம்பு தாங்கும் என்று கணக்கு வையுங்கள். எப்போதும் இரண்டு ஜோடி கையில் இருக்கட்டும், ஒன்று சாணைக்குப் போயிருக்கும்போது மற்றது உதவும். கீழே விழுந்த பிளேடைப் பல் பல்லாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பல் உடைந்திருந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள், அந்த இடைவெளியில் தோல் நுழைந்து கிழியும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது: இப்போதிருக்கும் கிளிப்பரின் நெம்புகோலை மாற்றுங்கள், பிளேடைச் சாணைக்குக் கொடுங்கள், குதிரையைக் குளிப்பாட்டிக் காயவைத்து இன்னொரு முறை வெட்டுங்கள். முடி மென்மையாக இருந்து பகுதி வெட்டு மட்டும் போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடர்ந்த முடி, முழு உடம்பு என்றால் கையில் அடங்கும் பெரிய வயர் கிளிப்பர் ஒன்றும், நடுத்தரப் பிளேடு இரண்டு ஜோடியும் வாங்குங்கள். முகத்துக்கும் காலுக்கும் பழைய நாய்க் கிளிப்பரே இருக்கட்டும். பருவம் முடிந்ததும் பிளேடுகளை உடனே சாணைக்கு அனுப்பி, கிளிப்பரையும் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது கொடுத்தால் எல்லாரும் அப்போதுதான் கொண்டுவருவார்கள், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.